நிற்காத செயற்கைக்கோள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி அனுப்பினார். திருநள்ளாறு கோவிலுக்கு நேர் மேலே வரும்போது நாசா செயற்கைக்கோள்கள் 3 வினாடி ஸ்தம்பித்து நின்றுவிடுகின்றன, சனியிலிருந்து வரும் கருநீலக் கதிர்கள்தான் காரணம், நாசா விஞ்ஞானிகளே நேரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள் என்று. நான் "எந்த விஞ்ஞானி, பேர் என்ன மாமா?" என்று கேட்டு ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. "இஸ்ரோக்காரனே ராக்கெட்டைத் திருப்பதிக்குத் தூக்கிட்டுப் போறான், இவளுக்கு என்ன தெரியும்? இதே கேள்வியை மத்த மதத்துக்காரங்ககிட்ட கேட்பாளா?" என்று என் கணவரிடம் சொல்லியனுப்பினார். நான் என்ன பதில் சொல்வது?

ம., மயிலாடுதுறை

அன்புள்ள ம.,

இந்தச் செய்தி எனக்கும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது வந்துவிடும். சனிப்பெயர்ச்சி வருடம் என்றால் வாரத்துக்கு இரண்டு. முதலில் அதை முடித்துவிடுவோம், பெரிய வேலையில்லை.

தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோளின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர். அந்த வேகம்தான் அதை மேலே வைத்திருக்கிறது. நின்றால் விழும், அவ்வளவுதான். மூன்று வினாடி நின்று இளைப்பாறிவிட்டுத் திரும்பக் கிளம்ப அது டவுன் பஸ் இல்லை. சரி, நிற்கவில்லை, கருவிகள் மட்டும் மயங்கிவிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். திருநள்ளாற்றிலிருந்து காரைக்கால் கூப்பிடு தூரம். அங்கே விசைப்படகில் போகிறவர்கள் ஜிபிஎஸ்ஸை நம்பித்தான் நடுக்கடலில் போன இடத்துக்கே மறுபடி போகிறார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே கணக்கில் 300 மீட்டர் தப்பிவிடும். மூன்று வினாடி பிசகினால் ஒன்பது லட்சம் கிலோமீட்டர். படகு நிலாவைத் தாண்டிப் போயிருக்கும்.

இது போதும். ஆனால் இதை அப்படியே குழுவில் போட்டுவிடாதீர்கள். மாமனார் இன்னொரு மாதம் பேசமாட்டார். தவிர, எனக்கு அந்தச் செய்தியின் மேல் இருக்கும் கோபம் வேறு. திருநள்ளாற்றில் வானியல் சம்பந்தமாக உண்மையிலேயே ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கிறது. நாசா புரளி அதை மூடி மறைத்துவிடுகிறது.

2023-இல் சனி கும்ப ராசிக்குப் போனது எப்போது? வானத்தில் தெரிகிற இடத்தை வைத்துக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைக் கேட்டால் ஜனவரி 17. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா நடந்தது டிசம்பர் 20. பழைய மனப்பாட வாக்கியங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தைக் கோவில் பின்பற்றுவதால் பதினொரு மாத வித்தியாசம். 2025 மார்ச் 29 வந்தபோதும் இதே குழப்பம். டிவியில் பெயர்ச்சிப் பலன் ஓடிக்கொண்டிருக்க, பெயர்ச்சி இந்த வருடம் இல்லை, 2026-இல்தான் என்று கோவில் தரப்பில் அறிவிக்க வேண்டியிருந்தது.

வாக்கியம் என்றால் வாக்கியமேதான். வரருசி என்ற பழங்கால வானியலாளர் பெயரில் வழங்கும் 248 சின்னச் சின்ன சமஸ்கிருத வாக்கியங்கள் நிலாவுக்கு மட்டும் இருக்கின்றன. முதல் வாக்கியம் 'கீர்ன: ஸ்ரேய:'. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. க வர்க்கத்தின் மூன்றாம் எழுத்தான 'கீ'க்கு 3, 'ன'வுக்குப் பூஜ்யம், 'ஸ்ரே'யில் ரகரத்துக்கு 2, 'ய'வுக்கு 1. பின்னாலிருந்து படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை (பாகை என்றால் டிகிரி, அதில் அறுபதில் ஒரு பங்கு கலை). நிலா பூமியிலிருந்து மிகத் தொலைவில் மெதுவாகப் போகும்போது ஒரு நாளில் நகரும் தூரம் அது. இப்படியே 248 நாளைக்கு மனப்பாடம். ஏன் 248 என்றால், நிலா மிகத் தொலைவுப் புள்ளிக்குத் திரும்பி வர 27.5545 நாள், அதை ஒன்பதால் பெருக்கினால் 247.99. இதைக் கண்டுபிடித்தவரை எழுந்து நின்று கும்பிட வேண்டும். நாசாவைக் கூப்பிட வேண்டியதே இல்லை.

1760-களின் கடைசியில் லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரியில் உட்கார்ந்திருந்தார். சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த மனிதர். 1761-இல் போரினால் கரையிறங்க முடியாமல் நடுக்கடலில் மாட்டிக்கொண்டார், 1769-இல் சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிவிட்டது. அவரைப்போல அதிர்ஷ்டம் கெட்ட விஞ்ஞானி உலகத்திலேயே கிடையாது. இடைப்பட்ட நாட்களில் உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் கற்றுக்கொண்டார். அந்த மனிதர் எதையும் எழுதவில்லை, சோழிகளைத் தரையில் பரப்பி, நகர்த்தி, வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே கணக்குப் போட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாக வந்தது. அன்றைக்கு ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணை 68 வினாடி அதிகமாகச் சொன்னது.

அப்புறம் ஏன் சனி பதினொரு மாதம் தள்ளிப்போகிறது? நல்ல கடிகாரம்தான், ஆனால் பல நூற்றாண்டுகளாக யாரும் முள்ளைத் திருத்தவில்லை. சனி ஒரு சுற்று வர 29 வருடத்துக்கு மேல் ஆகும். மெதுவாக நகர்கிற கிரகத்தில் சின்னப் பிசகு சேர்ந்தாலும் தேதியில் பெரிதாகத் தெரியும். 2023 டிசம்பர் 20 அன்று திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குள் ஏற்கெனவே சுமார் 8 பாகை போயாகிவிட்டது. வானத்தில் பதினாறு முழுநிலாவை வரிசையாக அடுக்கிவைத்த தூரம்.

முள்ளைத் திருத்தச் சொன்னவர்கள் நம்மவர்களே. சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஒருவர், பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்துக்காரர், மதராஸ் வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். மறுவருடம் சூரிய கிரகணத்தைப் பார்க்க வனபர்த்திக்குப் போனார். 1874-இல் சுக்கிரன் சூரியனைக் கடப்பது பற்றிச் சாமானியருக்குப் புரிகிற மாதிரி சிறு நூல் எழுதினார். தொலைநோக்கியில் தெரியும் இடத்துக்கும் பஞ்சாங்கம் சொல்லும் இடத்துக்கும் ஒத்துவரவில்லை என்றால் பஞ்சாங்கத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று நின்றார். 'த்ருக்' என்றால் பார்வை. திருக்கணிதத்தில் இருக்கும் 'திரு' திருவாளர் திரு அல்ல, இந்த த்ருக். நாமம் போட்ட ஆச்சாரி அவர். சந்தேகப்படுகிறவன் எல்லாம் சாமி கும்பிடாதவன் என்று உங்கள் மாமனார் நினைத்தால் இவரைச் சொல்லுங்கள்.

கும்பிடாதவர் உதாரணமும் இருக்கிறது. வானியற்பியல் விஞ்ஞானி மேக்நாத் சாஹாவிடம் டாக்காவில் ஒரு வக்கீல், என்ன கண்டுபிடித்தாய் தம்பி என்று கேட்டார். விண்மீன்களின் ஒளியில் அணுக்கள் என்ன பாடுபடுகின்றன என்று சாஹா விளக்க, அவர் இதில் என்ன புதுசு, எல்லாம் வேதத்தில் இருக்கிறதே என்றார். எந்த வேதத்தில் என்றால், நான் படித்ததில்லை, ஆனால் இருக்கும். சாஹா சிரித்துவிட்டுப் போய்விடவில்லை, வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்துப் பார்த்தார், அதன் பிறகே இல்லை என்று எழுதினார். பின்னால் அரசு அமைத்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். உத்தராயணத்தை நாம் 23 நாள் பிந்திக் கொண்டாடுகிறோம் என்று அந்தக் குழு சொன்னது. பொங்கல் அப்படியேதான் இருக்கிறது. எனக்கும் அதில் வருத்தமில்லை, கரும்பு ஜனவரியில்தான் நன்றாக இருக்கும்.

திருப்பதி விஷயம். ஆமாம், சந்திரயான்-3 புறப்படும் முன் அதன் சின்ன மாதிரியை எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போனார்கள். 2019-இல் சந்திரயான்-2க்கு முன்னாலும் கும்பிட்டார்கள், அதன் இறங்குகலம் நிலாவில் மோதிவிட்டது. இரண்டு தடவையும் பெருமாள் அதேதான். மாறியது என்னவென்றால், இறங்குகலத்தில் ஐந்து எஞ்சின் நான்காயிற்று, எரிபொருள் கூடியது, இறங்கும் இடம் 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிந்தது. கும்பிடுவது அவர்கள் சொந்த விஷயம். அரசுப் பணியாக, கேமரா முன்னால் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கும்பிட்டோம் என்பதற்காகச் சோதனை ஒன்றையாவது விட்டார்களா என்றால், இல்லை.

மற்ற மதக்காரர்களிடம் கேட்பாயா என்கிறார். கேட்டாயிற்று, நமக்கு முன்னாலேயே. ஈஸ்டர் தேதி வானத்தோடு ஒட்டவில்லை என்று 1582-இல் போப் நாள்காட்டியில் பத்து நாளையே தூக்கிவிட்டார். அக்டோபர் 4-க்கு மறுநாள் 15. கிழக்கத்தியத் திருச்சபைகள் ஈஸ்டருக்கு இன்றும் பழைய கணக்கை விடவில்லை. 2024-இல் ஒரு ஈஸ்டர் மார்ச் 31, இன்னொன்று மே 5. அங்கேயும் வாக்கியம், திருக்கணிதம் சண்டைதான்.

2023 டிசம்பர் 20 சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் நாலு அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு மேகம் விலகக் காத்திருந்தேன். தென்மேற்கில் சனி. எதிர்வீட்டு அம்மா எள் விளக்கு ஏற்றிவிட்டு நேரே மாடிக்கு வந்தார். கடக ராசி, அஷ்டமச் சனி ஆரம்பம், முகத்தில் கலக்கம். குனிந்து பார்த்தவர் கொஞ்ச நேரம் நகரவே இல்லை. "மோதிரம் போட்டுண்டு இவ்வளவு அழகா இருக்கார்" என்றார். பிறகு, "இன்னிக்குத்தானே வந்தார்?" நான் பஞ்சாங்கக் கதையைச் சொன்னேன். இன்னொரு கணக்குப்படி ஜனவரியிலேயே வந்துவிட்டார்.

"ஜனவரியா? அப்போ பதினோரு மாசமா எனக்குத் தெரியவே இல்லையே" என்றவர், விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மகளுக்கு வளைகாப்பு, பேரன் பிறந்தது, முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. "நன்னாத்தானே இருந்தது!" மறு சனிக்கிழமையும் எள் விளக்கு ஏற்றினார், அது வேறு.

உங்கள் வீட்டில் கட்டாயம் ஒரு பஞ்சாங்கம் ஆணியில் தொங்கும், அநேகமாகப் பாம்புப் பஞ்சாங்கம். அதை எடுத்துக்கொண்டு போய், இது வாக்கியமா திருக்கணிதமா மாமா என்று கேளுங்கள். சிரிப்புப் பொம்மை வேண்டாம். தலைமையாசிரியர் என்கிறீர்கள், நிச்சயம் விளக்க ஆரம்பித்துவிடுவார்.