குளம்பு சுட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

குதிரைக்கு வரும் லெமினைடிஸ் என்ற குளம்பு நோயைப் பற்றிக் கொழும்பில் குதிரை வளர்க்கும் சிலர் கேட்ட கேள்விகளுக்கு, நீண்ட காலமாக லாடம் அடித்துவரும் ஒருவரின் பதில்கள்.

தெகிவளையிலிருந்து: ஐயா, நேற்றிரவு குதிரை தானிய மூட்டையை இழுத்துப் பாதியைத் தின்றுவிட்டது. இப்போது நன்றாகத்தான் நிற்கிறது. பயப்பட வேண்டுமா?

பயப்படத்தான் வேண்டும் தம்பி. தானியம் குடலில் புளித்து, அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து, கால் நொண்டுவதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைத்த நேரம். உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை சும்மா இருக்காமல் குளம்பும் அதற்கு மேலே கணுக்காலும் மூழ்கும்படி ஐஸ் தண்ணீரில் நிற்க வையுங்கள். குறைந்தது 48 மணி நேரமாவது தொடர்ந்து குளிர வேண்டும். நம்மூர் வெக்கையில் ஐஸ் நிற்காது, மீன்காரருக்கு ஐஸ் கொடுக்கும் இடத்தில் இப்போதே சொல்லி வையுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: லெமினைடிஸ், ஃபவுண்டர் இரண்டும் ஒன்றா?

காளானைத் திருப்பிப் பார்த்தால் மடிப்பு மடிப்பாக இருக்குமே, குளம்புச் சுவரின் உள்ளேயும் அப்படித்தான். உள்ளிருக்கும் எலும்பைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பவை அந்த மடிப்புகள். அவை அழன்று பலவீனமானால் லெமினைடிஸ். பிடி விட்டு, எலும்பு சாய்ந்தோ கீழே இறங்கியோ போனால் அதுதான் ஃபவுண்டர். எவ்வளவு சாய்ந்தது என்று எக்ஸ்ரேதான் சொல்லும்.

வத்தளையிலிருந்து: எதை வைத்துக் கண்டுபிடிப்பது அண்ணா?

முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் போட்டு நிற்கும். திரும்பச் சொன்னால் தயங்கும். குளம்பு சுடும். கணுக்காலின் பின்பக்கம் விரல் வைத்தால் நாடி பலமாக அடிக்கும். குதிரை சுகமாக இருக்கும்போதே அந்த நாடியைத் தொட்டுப் பழகுங்கள், இல்லாவிட்டால் வித்தியாசம் பிடிபடாது.

அதே ஆள்: நடத்தினால் இரத்தம் ஓடிச் சரியாகும் என்கிறார்களே?

நடத்தவே கூடாது. இளவயதில் நானும் ஒரு குதிரையை அப்படி நடத்தினேன். எலும்பு குளம்பின் அடிப்பக்கத்தைக் குத்திக்கொண்டு வந்துவிட்டது, அதைக் காப்பாற்ற முடியவில்லை. மணலோ மரத்தூளோ தடிப்பாகப் போட்டு அதன் மேல் ஓய்வாக விடுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: மழை தொடங்கியதிலிருந்து குளம்பின் அடியில் கறுப்பாக ஊறி நாறுகிறது. இதுவும் அதேதானா?

இல்லை அக்கா, இது ஈரத்தில் வரும் அழுகல், த்ரஷ் என்பார்கள். தினமும் சுரண்டிக் கழுவித் துடையுங்கள், லாயத்தைக் காய வையுங்கள். ஆழமாகப் போய் நொண்டினால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

தெகிவளைத் தம்பி மறுபடியும்: தப்பிவிட்டால் எப்போது ஏறலாம்?

அவசரம் வேண்டாம். குளம்பு மாதம் ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். முன்பக்கச் சுவர் முழுதும் புதிதாக இறங்க ஒரு வருடம்கூட ஆகலாம். வைத்தியர் எக்ஸ்ரே பார்த்துச் சரி என்றால் ஏறுங்கள்.