இடுப்பு பெல்ட் வாங்கும் முன் பையை எடை போடுங்கள்

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தூய்மைப் பணியாளர்களின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கழிவுப் பைகளைத் தூக்கித் தூக்கி அக்காமார் பலருக்கு இடுப்பு வலி, தோள் வலி. எல்லோருக்கும் இடுப்பு பெல்ட் வாங்கித் தருவதாக நிர்வாகம் சொல்கிறது. அது போதுமா?

பதில்: போதாது. வலி இல்லாதவருக்கு அந்த பெல்ட் காயத்தைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1994இலேயே அதைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது. அந்தப் பணத்தை நல்ல ட்ராலிக்குச் செலவிடச் சொல்லுங்கள்.

‘முட்டியை மடக்கி, சுமையை உடம்போடு அணைத்துத் தூக்கு’ என்று வகுப்பு எடுப்பார்கள். அரிசி மூட்டைக்கு அது சரி. மருத்துவக் கழிவுப் பையை அணைக்கவே கூடாது. தவறிப்போய் உள்ளே கிடக்கும் ஓர் ஊசி தொடையில் இறங்கிவிடும். கட்டிய கழுத்தைப் பிடித்து, உடம்பிலிருந்து தள்ளித்தான் எடுக்க வேண்டும். அப்படித் தள்ளிப் பிடிக்கும்போது அதே எடை முதுகுக்குப் பல மடங்கு பாரம். ஆகவே பையின் எடையைக் குறைப்பதே வழி.

கணக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கழிவை வகை பிரித்துப் போடும் பைகளின் நிறவாரியாகத் தினமும் பதிவேடு எழுதுகிறீர்கள். ஒரு வாரத்துக்கு மட்டும் வார்டு வாரியாக, பை பையாக எடை போட்டு எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவின் ஈர டயப்பர்கள் நிறைந்த மஞ்சள் பையும், பாதி காலியான சலைன் பாட்டில்கள் கிடக்கும் சிவப்புப் பையும்தான் அதிக எடையோடு அகப்படும். அரை லிட்டர் பாட்டிலில் பாதி மிஞ்சினால் கால் கிலோ. இருபது பாட்டில் சேர்ந்தால் ஐந்து கிலோ தண்ணீரை ஒரு பெண் வீணாகச் சுமக்கிறார். மருந்து கலக்காத சலைனை வார்டிலேயே சிங்க்கில் ஊற்றிவிடும்படி நர்ஸ்களிடம் கேளுங்கள். மருந்து கலந்ததை, முக்கியமாகப் புற்றுநோய் மருந்தை, ஒருபோதும் ஊற்றக் கூடாது.

முக்கால் பை நிரம்பியதும் கட்டுவது வழக்கம். ஈரக் கழிவுக்கு அதுவும் அதிகம். அந்த வார்டுகளுக்குச் சிறிய பையே கொடுங்கள். ஒரு கையால் சிரமமின்றி எடுக்க முடியாத பை பெரிய பை என்பது என் அளவுகோல். கண்ணாடிக் குப்பிகள் சேரும் நீலப் பெட்டியை நிரம்பும்வரை விடவே விடாதீர்கள்.

ட்ராலிக்குச் சக்கரம் பெரிதாக இருக்கட்டும். இழுக்காமல் தள்ளுகிற மாதிரி கைப்பிடி இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் திறக்கிற மாதிரி இருந்தால் பையை விளிம்புக்கு மேலே தூக்கிப் போட வேண்டியதில்லை. சக்கரத்தில் சுற்றிய முடியையும் நூலையும் வாரம் ஒருமுறை வெட்டி எடுங்கள்; அது சிக்கினாலே தள்ளுவது இரட்டிப்புப் பாடு. கழிவு அறைக்குப் போகும் சாய்தளத்தை ஐப்பசி மழைக்கு முன் சொரசொரப்பாக்கி, மேலே கூரை போடுங்கள்.

ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனையும் கழிவைக் கையாளும் அனைவருக்கும் தர வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. ஒப்பந்தத் தொழிலாளர் என்று சொல்லி யாரையும் அதிலிருந்து தள்ளிவைக்க நிர்வாகத்துக்கு உரிமை கிடையாது. இடுப்புப் பிடிப்பையும் விபத்தாகவே தேதி, வார்டு, பை நிறத்தோடு எழுதி வையுங்கள். வலியைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறவர்களிடம் நீங்களே போய்க் கேட்டு எழுதுங்கள்.