விலை உயர்ந்த ரீஸ்லிங் ஒயினில் மண்ணெண்ணெய் வாடை வருகிறதே, கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. ‘க்ளோ சாந்த் யூன்’ என்ற ரீஸ்லிங் வெள்ளை ஒயினை வாங்கித் திறந்தால் மண்ணெண்ணெய் நெடியும் வெறும் புளிப்பும்தான், இதற்கா இவ்வளவு விலை என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மிச்சம் இருந்தால் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள்.

ரீஸ்லிங் திராட்சையில் வெயில் பட்டால் உருவாகும் சில பொருட்கள், பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும்போது அமிலத்தால் மெல்ல மாறி டிடிஎன் என்ற சேர்மமாகும். அந்த நெடிக்குக் காரணம் அதுதான். எலுமிச்சைத் தோல், தேன் வாசனையோடு கலந்து லேசாக வந்தால் அது முதிர்ச்சியின் அடையாளம். நிஜமாகவே கெட்ட ஒயின் வேறு மாதிரி இருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி போல, பூஞ்சை வாடை அடித்தால் கோளாறு தக்கையில். கிளாஸில் வைக்க வைக்க அது கூடத்தான் செய்யும். நிறம் பழுப்பாகி, வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசனை வந்தால் காற்று புகுந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் கடையில் திருப்பிக் கேட்கலாம். அடியில் தெளிவான துகள்கள் தெரிந்தால் கண்ணாடி என்று பயப்பட வேண்டாம். அது டார்ட்டாரிக் உப்பு, தீங்கில்லை.

ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி இருக்கும். அந்தக் குளிரில் வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் முன்னே வந்து நிற்கும். இந்த ஒயினுக்கு 10 முதல் 12 டிகிரி வேண்டும். நம் ஊர் வெக்கையில் பாட்டிலை வெளியே எடுத்து வைத்து அரை மணிக்குள் ஊற்றலாம். வாய் குறுகிய பெரிய கிளாஸில் 80 மில்லிக்கு மேல் வேண்டாம். முதலில் கிளாஸைச் சுழற்றாமல் முகருங்கள், பிறகு சுழற்றி முகருங்கள். ஒரு சின்ன மிடறை வாய்க்குள் எல்லாப் பக்கமும் படும்படி சில நொடி வைத்திருந்து விழுங்குங்கள். நாக்கின் ஓரத்தில் நீர் ஊறும். புளிப்பு அடங்கிய பிறகும் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். விலைக்கு நியாயம் அங்கேதான் கிடைக்கும்.

இந்த ஒயின் வருவது பிரான்சின் அல்சாஸ் பகுதியில், யூனாவீர் கிராமத்து ரோசாக்கர் சரிவில் 1.67 ஹெக்டேர் மட்டுமே உள்ள ஒரே ஒரு தோட்டத்திலிருந்து. அடியில் சுண்ணாம்புக் கல். மேற்கே வோஜ் மலை மழையைத் தடுத்துவிடுவதால் பழம் நிதானமாகப் பழுக்கிறது. ட்ரிம்பாக் குடும்பம் 1919 முதல் இந்தத் தோட்டத்தின் பெயரிலேயே பாட்டில் போடுகிறது. ஒரு வருடம் விளைச்சல் சரியில்லை என்றால் பக்கத்துத் தோட்டத்துப் பழத்தைக் கலந்து சமாளிக்க வழியில்லை. கல்லின் சுவை வேர் வழியாக ஒயினில் ஏறுகிறது என்று நான் சொல்லவில்லை, அது அறிவியலும் இல்லை. நீர் எவ்வளவு நிற்கிறது, மண் எப்படிச் சூடேறுகிறது என்பதில்தான் மண்ணின் பங்கு.

குடியை வளர்க்கிறேன் என்று இதற்கும் சண்டைக்கு வருவார்கள். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கியவர் கேட்டார், அவருக்குச் சொல்கிறேன். என் கோபம் கடைக்காரர்கள் மேல்தான். இப்படிப்பட்ட பாட்டிலை மாதக்கணக்கில் பளீரென்ற விளக்குக்கு நேர் கீழே நிற்க வைக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் வெள்ளை ஒயினில் வெந்த முட்டைக்கோஸ் வாடை ஏறிவிடும். முழு விலையையும் வாங்கிக்கொண்டு இருட்டான ஒரு மூலை கொடுக்க முடியாதா?

உங்கள் பாட்டில் பத்து வயதுக்கும் குறைந்தது என்றால் வாசனை விரியாமல் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கும். ஒரு ஜாடியில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். காரமான குழம்போடு வேண்டாம், காரத்தில் ஆல்கஹால் எரியும். வெண்ணெயில் வாட்டிய மீன் பொருந்தும். மிச்சத்தைத் தக்கையால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வாசனை இன்னும் விரிந்து வரும். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.