கொடைக்கானல் தூண் பாறையில் வெறும் வெள்ளை மூட்டம்தான் தெரிந்ததா?

சுற்றிப் பார்க்கும் வரிசையை மாற்றுங்கள். டிசம்பரில் மதியம் மூன்று மணிக்குத் தூண் பாறை போய் ஒன்றும் தெரியவில்லை, ஜனவரியில் ஒரே ஒரு பகல்தான் கிடைக்கும் என்கிறீர்கள். அப்படியானால் விடிந்ததும் பள்ளத்தாக்கை ஒட்டிய நடைபாதையான கோக்கர்ஸ் வாக், அடுத்து தூண் பாறை திறந்ததும் முதல் ஆளாக அங்கே. ஏரி மதியத்துக்கு மேல் போதும். அதற்கு மூடுபனியும் அழகுதான்.

வெயில் ஏற ஏற, கீழே சூடான ஈரக்காற்று பள்ளத்தாக்கு வழியே மேலேறிக் குளிர்ந்து மேகமாகிவிடும். நீங்கள் மாட்டியது அதில்தான் என்று நினைக்கிறேன்.

காலையில் அறைக்கு வெளியே புல்லைப் பாருங்கள். உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தால் இரவு வானம் தெளிவாக இருந்திருக்கிறது. டீயைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், உடனே கிளம்புங்கள்.

சாப்பாடு கேட்டீர்களே: குளிரில் ஏரிக்கரையில் சூடான மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம். ஓட்டலில் உட்கார்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள். வீட்டுக்கு மலைப்பூண்டு வாங்குங்கள், 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பல் சிறிதாக இருக்கும், காரமும் மணமும் தூக்கல்; ரசத்துக்கு நாலு பல் தட்டிப் போட்டாலே வீடு மணக்கும். நேரம் இருந்தால் பூம்பாறை கிராமம் வரை போங்கள், அந்தப் பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களையே பார்த்துவிடலாம்.

ஒன்று மட்டும்: வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு இருந்தால் காலையிலும் மூட்டம்தான், இந்தத் திட்டம் எடுபடாது. சொந்த வண்டி என்றால் இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் நுழைவு அனுமதி) மறக்காதீர்கள்.