பதிப்புரிமைக் காலத்தை நீட்டினால் வாசகருக்கு என்ன நட்டம்?

பெரிய நட்டம், மறுபதிப்பே வராமல் போவதுதான். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கிறது. முன்பு 50 தான். 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகளுக்கு உரிமை முடிகிற தறுவாயில், 1991 இறுதியில் அவசரச் சட்டம் கொண்டுவந்து 10 ஆண்டு கூட்டினார்கள்; 1992இல் அது சட்டத் திருத்தமானது. என்னைக் கேட்டால் 50 ஆண்டே அதிகம்.

தாகூருக்கு எப்படியும் பதிப்பாளர் கிடைப்பார். ஆனால் அதே நீட்டிப்பு, பெயர் மறந்துபோன எழுத்தாளர்களையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. வாரிசு யார், எந்த ஊர் என்றே தெரியாதபோது யாரிடம் போய் அனுமதி கேட்பது? வம்பு எதற்கு என்று பதிப்பாளர் ஒதுங்கிவிடுவார். நூலகத்தில் இருக்கும் ஒற்றைப் பிரதி, புரட்டும்போதே ஓரம் உதிரும்.

தமிழ்நாட்டில் அரசு வாரிசுகளுக்குத் தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்குகிறது. கல்கியின் நாவல்கள் அப்படி வந்தபின் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிட்டன. அரசின் பட்டியலில் இடம்பெறாதவர்களுக்கு 60 ஆண்டு காத்திருப்புதான்.