செம்புலத்தின் சிவப்பு எதைக் குறிக்கிறது?

குறுந்தொகையின் 40-ஆம் பாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதும் நீங்கள், அதில் வரும் சிவப்பு ஆசையா ஆபத்தா என்று சிக்கிக்கொண்டு கேட்டிருந்தீர்கள். அந்தச் சிவப்பு ஆசையும் இல்லை, ஆபத்தும் இல்லை. அந்தப் பாட்டில் 'செம்புலப் பெயல்நீர்', அதாவது செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர், சொல்வது நிறத்தை அல்ல, இரண்டு நெஞ்சங்கள் கலந்துபோவதை. மழைநீருக்குத் தனி நிறம் கிடையாது. செம்மண்ணில் விழுந்ததும் மண்ணின் நிறமே நீரின் நிறமாகிவிடுகிறது. அப்புறம் எது மண், எது நீர் என்று கையால் பிரிக்க முடியாது.

நீங்கள் சிக்கிக்கொண்டதற்குக் காரணம், சினிமா போஸ்டரில் சிவப்பைப் படிக்கிற பழக்கத்தில் இதையும் படித்ததுதான் என்று நினைக்கிறேன். ஒன்று செய்து பாருங்கள். 'கரும்புலம்' என்று மாற்றி வாசியுங்கள். கருத்து அப்படியே நிற்கிறது, இல்லையா? அழகு குறையும், அது வேறு விஷயம்.

பாட்டின் தொனி பற்றியும் கேட்டிருந்தீர்கள். கல்யாணப் பத்திரிகைகளில் பார்த்துப் பார்த்து இதைக் கொண்டாட்டமாக எடுத்துக்கொள்கிறோம். உன் தாயும் என் தாயும் யார், தந்தையர் எந்த வகையில் உறவு, நாம் எப்படி அறிமுகம் என்று ஐந்தடிப் பாட்டில் மூன்றடி கேள்வியாகவே போகிறது. யார், எந்தச் சூழலில் சொல்வது என்று பாட்டோடு தரப்படும் கூற்றுக் குறிப்பின்படி, பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவிக்குத் தலைவன் சொல்வது இது. ஆக, தேற்றும் குரல்.

ஆனால் கூற்றுக் குறிப்பு பிற்காலத்தில் சேர்த்தது என்பதே பொதுவான கருத்து. பாட்டுக்குள் அச்சம் என்ற சொல்லே இல்லை. கட்டுரையில் எழுதும்போது 'கூற்றுப்படி' என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.