பிற்பகலில் மட்டும் உறைந்துபோகும் இணைய வகுப்பு

மகளின் இணைய வகுப்பு பிற்பகலில் மட்டும் கைபேசியில் உறைந்துபோவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அன்றைய டேட்டா தீர்ந்து வேகம் குறைக்கப்படுவதே காரணமாக இருக்கும். காலை வகுப்பு சீராக வருவதாகத் தாங்கள் எழுதியிருப்பதால், கைபேசியையோ கோபுரத்தையோ உடனே குறைசொல்ல வேண்டியதில்லை.

வகுப்பு மட்டுமே அவ்வளவையும் தின்றிருக்கும் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் வீட்டுப்பாடக் காணொளிகள் தாமாகவே இறங்குவதும், தறிக்கூடத்துக்கு அதே கைபேசியைக் கொண்டுபோகும் அவளுடைய அண்ணன் அங்கே படம் பார்ப்பதும் (பார்க்காமலா இருப்பார்?) சேர்ந்தே தீர்த்திருக்கலாம்.

அமைப்புகளில் ‘டேட்டா பயன்பாடு’ பகுதியைத் திறந்து, எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று பாருங்கள். பிறகு வாட்ஸ்அப்பின் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்திவிட்டு, நாளை மகளின் கேமராவையும் அணைத்துவைத்துச் சோதியுங்கள்.

தாங்கள் ஈரோடு மாவட்ட அந்தியூர் ஊருக்குள் இருந்தால் இது பலிக்கும். பர்கூர் மலைப்பக்கம் என்றால் சிக்னலே சிக்கலாக இருக்கலாம். அங்கே பாடங்களை ஒளிபரப்பும் அரசின் கல்வித் தொலைக்காட்சியே மேல், ஆனால் அதனிடம் சந்தேகம் கேட்க முடியாது.